கிட்னி நோய்க்கு மீன் விஷமா? அப்பாவின் தட்டிலிருந்து சில குறிப்புகள்

2 மார்ச் 2024 (கேள்வி)

மாமனாருக்கு 66 வயது, சுகர் இருபது வருஷமாக. போன வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.4 வந்தது. அன்றிலிருந்து வீட்டில் மீன், முட்டை, கறி எல்லாம் நிறுத்தியாச்சு. பருப்பு, பன்னீர், சுண்டல் என்று மாற்றிவிட்டோம். மனிதர் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். கிட்னிக்கு மீன் விஷம் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

3 மார்ச் 2024, காலை

சரியில்லை. நீங்கள் செய்கிற அதே காரியத்தை நான் 2022இல் ஆறு வாரம் செய்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இப்போது 68. தூத்துக்குடியில் விசைப்படகு டிரைவராக நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். கிரியேட்டினின் 2.6, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 26, அதாவது கிட்னி நோயின் ஐந்து நிலையில் நாலாம் நிலை, டயாலிசிஸ் இன்னும் இல்லை. முதல் ரிப்போர்ட் வந்தபோது பயந்துபோய் மீனை அடியோடு நிறுத்தினேன். மீன் இல்லாத சோறு அவருக்குச் சோறே இல்லை. ரசத்தை ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். ஆறு வாரத்தில் நாலு கிலோ இறங்கினார், ரத்தத்தில் இருக்கும் புரதமான அல்புமின் 3.1க்கு இறங்கியது. அடுத்த முறை போனபோது கிட்னி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "மீனை நிறுத்தச் சொன்னது யாரு? அளவா குடுன்னுதானே சொன்னேன்."

கணக்கு இதுதான். டயாலிசிஸ் இல்லாதவர்களுக்குப் புரதம் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்பார்கள். அப்பா 58 கிலோ. டயட்டீஷியன் அவருக்கு எழுதிக் கொடுத்தது நாளைக்கு 40 கிராம். இதில் இரண்டு டீக்கான பால் ஆறு கிராம், நாலு இட்லி எட்டு, மதியச் சோறு ஏழெட்டு, ராத்திரி தோசை, கொஞ்சம் சாம்பார், காய் என்று எல்லாம் சேர்ந்தே 27, 28 வந்துவிடும். மிச்சம் பன்னிரண்டு கிராம். 60 கிராம் மீன் வைத்தால் அந்தப் பன்னிரண்டு முடிந்தது. ஆக, ஒரு துண்டு. தாராளமாக ஒரு துண்டு. இரண்டாவது துண்டுக்கு இடமில்லை.

பன்னீர் கொடுக்கிறீர்களே, அதிலும் நூறு கிராமுக்குப் பதினெட்டு கிராம் புரதம் இருக்கிறது, பழுதான கிட்னியால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸும் மீனுக்குக் குறைந்ததில்லை. சைவம் என்ற பெயரில் கிண்ணம் கிண்ணமாகப் பன்னீர் போனால் கிட்னிக்கு அது சைவமா அசைவமா என்று தெரியவா போகிறது? பருப்பு, சுண்டலில் உள்ள பாஸ்பரஸ் உடம்பில் குறைவாகத்தான் ஏறும் என்பது உண்மை. ஆனால் பொட்டாசியம் இருக்கிறது, அதுவும் அப்படித்தான் உடம்பில் தங்கிவிடும். மாமனாரின் பொட்டாசியம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதலில் வேண்டும்.

3 மார்ச் 2024, ராத்திரி

காலையில் எழுதியதில் ஒரு குழப்பம். 60 கிராம் என்றது பச்சை மீன், சுத்தம் பண்ணி, முள் கழித்து. வெந்த பிறகு அது 45, 48க்கு வந்துவிடும். வெந்த மீனை 60 நிறுத்தால் புரதம் பதினைந்துக்குப் போய்விடும்.

நானே முதல் மாதம் இப்படித்தான் தப்புப் பண்ணினேன். சீலா துண்டு வட்டமாக, நடுவில் முள்ளோடு வரும் இல்லையா, அதை அப்படியே தராசில் வைத்தால் 110 காட்டியது. தோல், நடுமுள் எல்லாம் போனால் எவ்வளவு என்று ஒருநாள் பிரித்து நிறுத்துப் பார்த்தேன். 90க்கு மேல் சதை. அன்றிலிருந்து வட்டத்தை இரண்டாக நறுக்கிவிடுகிறேன். நான் தராசோடு உட்கார்ந்திருப்பதை அப்பா பார்த்துவிட்டு, "தங்கமா நிறுக்க, பிள்ள?" என்றார். விலையைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

5 மார்ச் 2024

எந்த மீன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் சீலா என்றால் என்ன என்று ஒரு சண்டையும் கிளம்பிவிட்டது. எங்கள் ஊரில் சீலா என்பது உங்கள் வஞ்சிரம், நாகர்கோவில்காரர்களின் நெய்மீன். சென்னையில் சீலா என்று நீளமாகக் கூர்மூக்கோடு விற்பதை நாங்கள் ஊழி என்போம். இதற்குமேல் இதில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை.

புரதத்தில் மீனுக்கு மீன் பெரிய வித்தியாசம் கிடையாது. முள்ளில்தான் விஷயம். பாஸ்பரஸும் கால்சியமும் முள்ளில் குவிந்திருக்கின்றன. முள்ளை எடுத்துப்போட்டுச் சாப்பிடும் விளமீன், பாறை, சீலா, ஊழி எல்லாம் பரவாயில்லை. நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிறோம், பொடிச்சாளையையும் சிலர் அப்படியே கடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது நல்லது என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம், பாஸ்பரஸ் ஏறினவருக்கு அதே முள் வேண்டாததாகிவிடுகிறது. போதாததற்கு நெத்திலி, சாளை இரண்டிலும் யூரிக் அமிலத்தைக் கூட்டுகிற சரக்கு அதிகம், அது ஏறினால் மூட்டு வீங்கும். அப்பாவுக்குக் கால் கட்டைவிரல் ஒருமுறை சிவந்து வீங்கியது, மூன்று நாள் செருப்புப் போட முடியவில்லை, அதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டில் சாளைதான். சாளை மலிவாக வந்த வாரம். நான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறேன், டாக்டர் "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் சாளையை முழுதாகத் தள்ளவும் மனசில்லை. நல்ல கொழுப்பு அதில்தான் இருக்கிறது, இதயத்துக்கு நல்லது, கிட்னிக்காரர்கள் பலர் கடைசியில் இதயத்தால்தான் போகிறார்கள். ஆகவே வாரத்துக்கு ஒருநாள், பெரிய சாளையாக, நடுமுள்ளை உருவிவிட்டு.

சுறாப்புட்டு கேட்ட அண்ணனுக்கு: பெரிய மீனைத் தின்று வளர்கிற மீனில் பாதரசம் சேரும், சுறாவில் நிறையவே. எப்போதாவது சரி, வாரா வாரம் வேண்டாம். அப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, "நான் தின்ன சுறாவுக்கு இந்நேரம் தெர்மாமீட்டரா ஆயிருக்கணும்" என்றார்.

9 மார்ச் 2024

தவக்காலம் என்பதால் வீட்டில் கறி கிடையாது, ஆறு நாள் மீன் ஓடுகிறது. குழம்பு பற்றி எழுத இதைவிட நல்ல நேரம் இல்லை.

புளியில் பொட்டாசியம் அதிகம், குழம்பே கூடாது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு ஒரு வருஷம் அப்பாவுக்குப் புளியே சேர்க்காமல் வெந்நீர் மாதிரி ஒன்று வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறு கிராம் புளியில் 600 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் பொட்டாசியம் இருக்கிறது, உண்மை. ஆனால் நாலு பேர் குழம்புக்குப் போடுவது எலுமிச்சை அளவு, முப்பது கிராம். அதில் 190. சக்கையைப் பிழிந்து எறிகிறோம். அப்பா எடுக்கிற இரண்டு கரண்டிக்கு முப்பது, நாற்பதுதான் வரும். அவர் தின்கிற மீன் துண்டிலேயே இருநூறுக்குமேல் இருக்கிறது!

ஆளைத் தூக்குவது வேறு. இரண்டு தக்காளி, ஒரு முருங்கைக்காய், முதல் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர் என்று குழம்பு கெட்டியாகும்போது ஒவ்வொன்றும் நூறு, இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போகும். அம்மா இப்போது வைக்கிற விதம்: தக்காளி கிடையாது, முருங்கைக்காய் கிடையாது, தேங்காய் இரண்டு ஸ்பூன் மட்டும் சீரகம், சின்ன வெங்காயத்தோடு அம்மியில் மையாக அரைத்தது, புளிப்புக்குப் பாதிப் புளி, பாதி மாங்காய். மாங்காயில் பொட்டாசியம் குறைவு. மிளகாய், மல்லி வழக்கம் போல. கறிவேப்பிலையைத் தேங்காயெண்ணெயில் பொரித்துக் கடைசியில் கொட்டினால் உப்புக் குறைந்தது கொஞ்சம் மறந்துபோகும்.

உப்பு. இதுதான் குழம்பில் உண்மையான வில்லன். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம், தலைதட்டின ஒரு தேக்கரண்டி, அதில் இட்லி மாவு, சட்னி, குழம்பு எல்லாம் அடக்கம். கொதிக்கும்போதே அப்பாவுக்கான துண்டையும் குழம்பையும் சின்னச் சட்டியில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் பெரிய சட்டிக்கு உப்பு. முதலில் ஒரே சட்டியில் எல்லோருக்கும் குறைத்துப் பார்த்தோம், தம்பி ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசை நடுவில் வைத்தான், அப்பா அதில் கை வைத்தார். அதோடு அந்தச் சீர்திருத்தம் முடிந்தது.

10 மார்ச் 2024

இந்துப்பு போடலாமா என்று கேட்டவருக்கு: இந்துப்பும் உப்புதான். மலையில் வெட்டினாலும் கடலில் காய்ச்சினாலும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பாக இருப்பதற்காக கிட்னி மரியாதை கொடுக்காது.

17 மார்ச் 2024

மேலே ஒருவர் "சோடியம் குறைத்த உப்பு வாங்குங்கள், நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம், பிரஷர் இறங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். அதை உடனே நிறுத்துங்கள். கத்திச் சொல்வது மாதிரி இருந்தால் மன்னிக்கவும், காரணம் இருக்கிறது.

போன வருஷம் செப்டம்பரில் நான் அதை வாங்கினேன். கடையில், பிரஷர் உள்ளவர்களுக்கு நல்லது என்று சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம், அப்பாவுக்கு ருசியும் கிடைக்கும், சோடியமும் குறையும் என்று. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடை நிரப்பியிருக்கிறார்கள். நல்ல கிட்னி உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே நல்லது. அப்பாவுக்கு? போதாததற்கு அவர் பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார், அந்த மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். மூன்று வாரம் "என்னம்மா குழம்பு இப்பம் நல்லாருக்கு" என்று சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் கால் வரமாட்டேன் என்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். வயசு, அசதி என்று நினைத்தேன். தற்செயலாக அந்த வாரம்தான் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 6.1. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றி, விடியும்வரை மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வார்டில் இருந்த சிஸ்டர்தான் "வீட்ல என்ன உப்பு போடுறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும், நான் உட்பட, அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போடப்போனேன், அம்மா தடுத்து, தரை துடைக்க வைத்துக்கொண்டாள்.

16 ஏப்ரல் 2024

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. இங்கே ஊரில் திரேஸ்புரத்தில் நாட்டுப்படகில் வருவதுதான் மீன், அதற்கு ஏலத்தில் அடிதடி. பழைய பழக்கத்தில் அப்பா காலையில் போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார்.

23 ஏப்ரல் 2024

மீன் கிடைக்காத கொடுமையில் ஐஸ் பெட்டியிலிருந்து உறைந்த மீன் வாங்கினேன். பாசா என்று வெள்ளையாக, முள்ளே இல்லாமல், தோலே இல்லாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி ஒரு மீன். முள் இல்லையே, கிட்னிக்கு இதைவிட நல்லது என்ன என்று நினைத்தேன். இந்த முறை உப்பு பாக்கெட் ஞாபகம் இருந்ததால் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் "ஐஎன்எஸ் 451". தேடிப் பார்த்தால் பாஸ்பேட். ஈரம் போகாமல் பிடித்து வைக்க, அதாவது எடை குறையாமல் இருக்க, அந்தக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். உறைந்த இறாலிலும் இது உண்டு, 452 என்றும் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, மீனில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸில் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். இப்படி மேலே சேர்த்த பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்துக்குப் போய்விடும். கூடவே சோடியமும் வரும். எல்லாப் பாக்கெட்டிலும் போடுவதில்லை, மீன் என்று மட்டும் எழுதியிருப்பதும் இருக்கிறது. படித்து வாங்கினால் சரி.

பாசாவை அப்பாவுக்கு வைக்கவில்லை. நாங்கள் சாப்பிட்டோம். வாயில் போட்டுப் பார்த்த அப்பா, "இது கடலைப் பாத்துருக்கா?" என்று மட்டும் கேட்டார். பார்த்ததில்லை, ஆற்றுக் கெளுத்தி வகை என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

4 மே 2024

கருவாடு. இந்த இழையில் யாரும் இன்னும் கேட்காதது ஆச்சரியம். தடைக்காலத்தில் கருவாடு இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் இருக்க முடியாது. நான் செய்வது: ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றி, காலையில் வெந்நீரில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, அப்புறம் கத்தரிக்காயோடு போடுவது. வாரம் ஒருமுறை, சின்னத் துண்டு. உப்பு பெரும்பாலும் போய்விடும்.

12 மே 2024

மேலே நான் எழுதியதை நம்பாதீர்கள்.

நன்றாக உப்பிட்ட கருவாட்டில் நூற்றுக்குப் பத்து கிராம் உப்பு என்பது சாதாரணம், அதற்கு மேலும் போகும். பாதி போனாலும் மீதிப் பாதி அவருடைய ஒரு நாள் கணக்கில் கணிசமாகத் தின்றுவிடும். காய்ந்து சுருங்கினதால் புரதமும் பாஸ்பரஸும் பச்சை மீனைவிட இரண்டு, மூன்று மடங்கு அடர்த்தி, அது ஊறினாலும் எங்கும் போகாது. இது தெரிந்தும் எழுதினேன், ஏனென்றால் அப்பா சாப்பிடும்போது முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அது ஒரு காரணமா? இல்லை.

இன்னொன்று, அது ஒரே ஒரு சின்னத் துண்டாக இருக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் எடை பார்த்தேன், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தது. சதை அப்படி ஏறாது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்து, நான் எழுந்து கண்ணாடி எடுத்துவந்து பார்க்கும்வரை அப்படியே இருந்தது. விசாரணையில் தெரிந்தது: பக்கத்துத் தெருவில் அவருடைய பழைய கூட்டாளி வீட்டில் தினம் பதினோரு மணிக்குப் பழைய சோறும் சுட்ட சாளைக் கருவாடும். கூட்டாளிக்கு இவருக்கு கிட்னி என்று தெரியாதாம். "சொன்னா கஞ்சி ஊத்த மாட்டான்" என்கிறார் அப்பா.

டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார். வீக்கம் வடிந்துவருகிறது. கருவாடு எங்கள் வீட்டில் இனி கிடையாது. மாசியும் (காய்ந்த சூரை) சேர்த்து. அம்மா சம்பலுக்கு ஒரு சிட்டிகை மாசித்தூள் மட்டும் கேட்டாள், அதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

2 ஜூன் 2024

இதைத் தனியாக எழுதுகிறேன், யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது. மேலே ஒருவர் கெண்டை மீன் பித்தப்பையை முழுங்கினால் சுகர் இறங்கும் என்று எழுதியிருக்கிறாரே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். ரோகு, கட்லா போன்ற கெண்டை வகைகளின் பித்தத்தில் இருக்கும் நச்சு, நல்ல கிட்னியையே இரண்டு மூன்று நாளில் செயலிழக்க வைக்கும், ஈரலையும் சேர்த்து அடிக்கும். வேகவைத்தாலும் போகாது. இப்படி முழுங்கிவிட்டு டயாலிசிஸுக்கு வந்தவர்களைப் பற்றி இந்தியாவிலிருந்தே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அப்புறம் சிறுநீர் நின்றுபோகும். மீன் கழுவும்போது பித்தப்பை உடைந்தால் கசக்கும் என்று அம்மா பத்திரமாக எடுத்து எறிவாளே, அது எறியத்தான்.

15 ஜூன் 2024

படகு போயாச்சு. அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில்.

14 ஆகஸ்ட் 2024

ரத்தம் எடுக்கும் நாளுக்கும் மீனுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டவருக்கு, உண்டு, இப்போதுதான் பட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. வீடு நிறைய விருந்தாளி, மதியம் சீலா குழம்பு, பொரித்த மீன், ராத்திரி அத்தை வீட்டில் ஆட்டுக்கறி. அன்று தராசை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஆறாம் தேதி ஏற்கெனவே குறித்து வைத்திருந்த பரிசோதனை. கிரியேட்டினின் 3.4! ஜூலையில் 2.9 இருந்தது. அன்று ராத்திரி வீட்டில் யாரும் பேசவில்லை. டாக்டரிடம் போனதும் முதல் கேள்வி, "முந்தின நாள் என்ன சாப்பிட்டார்?" சமைத்த இறைச்சியில் இருக்கும் கிரியேட்டின் வேகும்போது கிரியேட்டினினாக மாறுகிறதாம், அது நேராக ரத்தத்தில் ஏறி அளவைக் கொஞ்ச நேரம் உயர்த்திக் காட்டும். பரிசோதனைக்கு முன் பன்னிரண்டு மணி நேரம் இறைச்சி வேண்டாம் என்றார். மீனும் அதில் சேர்த்திதான். ஒரு வாரம் கழித்து எடுத்ததில் 3.0.

நிம்மதி என்று எழுதிவிட்டு அழித்தேன். 2.9இலிருந்து 3.0 என்றாலும் ஏறுமுகம்தானே.

22 செப்டம்பர் 2024

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி தேறும் என்ற பதிவை மூன்று பேர் இங்கே ஒட்டிவிட்டீர்கள். அதில் சொல்லும் ஆய்வு 2023 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 19 ஆய்வுகளைச் சேர்த்து 25,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். ரத்தத்தில் மீன் கொழுப்பு அதிகம் இருந்தவர்களுக்குப் புதிதாக கிட்னி நோய் வருவது கொஞ்சம் குறைவு. செடியிலிருந்து வரும் ஒமேகாவுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சரி, ஆனால் அது நோய் இன்னும் வராதவர்களைப் பற்றியது, அதுவும் மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. நாலாம் நிலையில் இருப்பவர் மாத்திரை விழுங்கி இரண்டாம் நிலைக்குத் திரும்புவார் என்று அதில் எங்கும் இல்லை. அப்பாவிடம் கேட்டால், "அறுவது வருஷம் சாளை தின்னுருக்கேன், எனக்கே வந்துச்சே" என்பார். அதுவும் ஆராய்ச்சி இல்லைதான். அவருக்கு வந்தது சுகரால்.

9 டிசம்பர் 2024

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. அக்டோபரில் இடது கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டோம். நவம்பர் கடைசியில் அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல், வாயில் இரும்பு ருசி, குழம்பு கொதிக்கிற வாசத்துக்கே எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. டிசம்பர் 2 முதல் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிஸ்டுலா பழுக்க இன்னும் சில வாரம் என்பதால் கழுத்தில் குழாய் வழியாக.

இங்கே ஆறுதல் எழுத வேண்டாம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

21 டிசம்பர் 2024

இந்த இழையில் மார்ச்சில் நான் எழுதிய கணக்கு டயாலிசிஸ்காரர்களுக்குப் பொருந்தாது. தலைகீழ். ஒவ்வொரு முறையும் இயந்திரம் கழிவோடு சேர்த்துப் புரதத்தின் சரக்கையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே இப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம். அப்பா 56 கிலோ, 56 முதல் 67 கிராம் வேண்டும். டயட்டீஷியன் தாளில் எழுதுகிறார்: மீன் 120 கிராம், முட்டை வெள்ளை இரண்டு. வெள்ளையில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை, மஞ்சளில்தான். நான் இரண்டு வருஷமாக எந்தத் துண்டைப் பாதியாக வெட்டினேனோ அதை முழுதாக வை என்கிறார்கள்.

உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது, தண்ணீர்க் கட்டுப்பாடு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முந்தின நாள் சிறுநீர் அளவுக்குமேல் அரை லிட்டர், அவ்வளவுதான். குழம்பும் தண்ணீர் கணக்கில் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்தோம். இப்போது குழம்பைவிடப் பொரித்ததும், வாழையிலையில் மடித்துச் சுட்டதும்தான். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ள செவெலமர் மாத்திரை, சாப்பாட்டுக்கு நடுவில். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் முதல் வாரம். பிடிக்க வேண்டிய மீன் வலையைத் தாண்டிப் போன பிறகு வலை போட்டு என்ன பிரயோஜனம் என்று அப்பாவே கேட்டார்.

அளவு கூடியதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இத முன்னாலேயே சொல்லிருந்தா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று வைத்த இரண்டு துண்டில் ஒன்றரையை மிச்சம் வைத்தார்.

19 ஜனவரி 2025

மார்ச்சில் கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், மாமனார் கிரியேட்டினின் 2.5இல் நிற்கிறாராம், வாரம் மூன்று நாள் ஒரு துண்டு பாறையோ சங்கராவோ சாப்பிடுகிறாராம். பன்னீரை நிறுத்திவிட்டார்களாம்.

இங்கே அப்பாவுக்கு வாய்க் கசப்பு பொங்கலுக்கு முன்னால் விட்டது. திரேஸ்புரத்திலிருந்து அந்தக் கருவாட்டுக் கூட்டாளிதான் நல்ல விளமீன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார், பச்சையாக, உப்புப் படாமல், இந்த முறை எல்லாம் தெரிந்துகொண்டு. இப்போது தராசை எடுத்துவருவது அப்பா. 118 காட்டினால் வாலிலிருந்து இன்னொரு சின்னத் துண்டு நறுக்கி வைக்கச் சொல்கிறார்.